மெலிஸ் தன் இருப்பிடத்தை மறைத்த ஞாயிறு

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் மெலிஸ் முதல்முறையாக ஓர் உறுதியான முடிவுக்கு வந்தார். இந்த ஞாயிறு ஆட்டுத்தலை பொசுக்கப் போவதில்லை.

மாமனார் வீட்டில் விருந்தென்றால் ஆட்டுத்தலையின் ரோமத்தைப் பொசுக்குவது மாப்பிள்ளை வேலை. மற்றவர்கள் உள்ளே டீ குடிப்பார்கள். மெலிஸ் வாசலில் புகை குடிப்பார்.

இந்தத் தடவை, பீஷ்கெக் ஆபீஸில் அவசர வேலை என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஊரான தோக்மோக்கில் கோக்-போரு இறுதி ஆட்டம் பார்க்கப் போய்விட்டார். குதிரைமேல் வந்து, செத்த ஆட்டைப் பிடுங்கி கோலில் போடும் ஆட்டம். அங்கேயும் ஆடுதான். ஆனால் பொசுக்க வேண்டியதில்லை.

பயம் ஒன்றே ஒன்று: குடும்ப இணையப் பக்கம். அவரே கட்டியது. யார் எங்கே இருக்கிறார்கள், அங்கே வானிலை என்ன, கைக்கடிகாரம் அளக்கும் இதயத்துடிப்பு, மாமனாரின் நச்சரிப்புக்காக கோக்-போரு கோல் கணக்கு என்று பத்து இடத்துத் தகவலை ஒரே பக்கத்தில் கொட்டியிருந்தார். மெலிஸ் தன் இருப்பிடத்தை மட்டும் மறைத்தார். இரண்டு தடவை சரிபார்த்தார். இணையதளம் கட்டுகிறவனுக்கே தண்ணி காட்ட ஒருத்தி பிறந்து வரணும் என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

பிறந்து, வளர்ந்து, அவருக்கே வாழ்க்கைப்பட்டிருந்த ஜிபார், இரண்டாவது கோலுக்கு அப்புறம் காரா-பால்டாவில் இருக்கும் தன் அப்பா வீட்டிலிருந்து போன் பண்ணினாள். மகள் பேரைச் சொல்லித்தான் கணவரைக் கூப்பிடுவாள்.

"ஐசாதா அப்பா, ஆபீஸ்லயா இருக்கீங்க?"

"பின்ன? தலைக்கு மேல வேலை."

"ஆபீஸுக்குள்ள பனி கொட்டுதா?"

"என்னது?"

"உங்க பேர் பக்கத்துல பனி படம் வருது. பீஷ்கெக்ல வெயில்னு மேல போட்டிருக்கே?"

அந்தக் குளிரிலும் மெலிஸுக்கு வேர்த்தது. இடத்தை மறைத்த மகானுபாவர், அந்த இடத்தின் வானிலையை மறைக்கவில்லை.

"அது... ஏதோ கோளாறு, ஜிபார்."

"அப்ப இதயத்துக்கும் கோளாறுதான். பதினொண்ணு பத்துக்கு நூத்தி நாப்பது அடிச்சிருக்கு. பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கு நூத்தி அம்பது. டாக்டரைக் கூப்பிடலாம்னு பதறிட்டேன்."

"வேலை டென்ஷன்மா."

"எங்க அப்பா பக்கத்துலயே உக்காந்து கோல் கணக்கு பாத்துட்டிருக்கார். தோக்மோக் கோல் போட்டதும் அதே ரெண்டு நேரம். உங்க ஆபீஸ் வேலை தோக்மோக் கட்சியா?"

"அதெல்லாம் ஒவ்வொண்ணா பாத்தா ஒண்ணுமே தெரியாது ஜிபார்!"

"ஒவ்வொண்ணா யாரு பாக்கறா? ஒண்ணா பாக்கத்தானே கட்டிக் குடுத்தீங்க?"

மெலிஸ் சரணடைந்தார். "சரி, இதோ கிளம்பி வரேன்."

"வேண்டாம், வேண்டாம். ஆட்டத்தை நிம்மதியா பாத்து முடிங்க. தலையை என் தம்பி பொசுக்கிட்டான்."

இவ்வளவு சுலபமாகவா? மெலிஸ் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் கைபேசி சிணுங்கியது. குடும்பப் பக்கத்தில் புதிய அறிவிப்பு: "அடுத்த ஞாயிறு பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாள் விருந்து. ஆடுகள் ஒன்பது. தலை பொசுக்குபவர்: மெலிஸ், தனியாக, தன் விருப்பத்தின்பேரில்."

அதற்குள் நாற்பத்து மூன்று சொந்தக்காரர்கள் நன்றி சொல்லியிருந்தார்கள்.

மெலிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அழிக்கப் போனார்.

"இது ஜிபார் எழுதியது; அவர் மட்டுமே அழிக்கலாம்" என்றது, மெலிஸே கட்டிய பக்கம்.