உள்ளே ஆளைத் தெரிந்தவர்

‘உள்ளே ஆளைத் தெரிந்தவர்’ என்று ஒரு தினுசு மனிதர் உண்டு. பார்த்ததில்லையா? அப்படியானால் எழுபத்தெட்டில் நீங்கள் பாலக்கரைப் பக்கமே வந்ததில்லை.

அங்கே மாத்ருபூதம் இருந்தார். சலவைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்று எழுதும். தாலுகா ஆபீஸ், ரேஷன் கடை, ரயில்வே, ஆஸ்பத்திரி, எங்கும் அவருக்கு ஆள் உண்டு. அந்த ஆட்களுக்கு அவரைத் தெரியுமா என்று மட்டும் யாரும் விசாரித்ததில்லை.

வாய்க்கால் கரைக் குடிசைக்காரி அமிர்தம், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். மகள் பூரணிக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். அன்று வேலைக்குப் போகாமல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிச் சீட்டு வரிசையில் ஒன்பதாவது ஆளாக நின்றாள். அந்தப் பக்கம் வந்த மாத்ருபூதத்துக்கு அது பொறுக்கவில்லை.

“நேரா போனா யாரும்மா மதிப்பா? கம்பவுண்டர் விக்டர் நம்மாளு. வா.”

சலவைச் சட்டைக்கு மறுப்புச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. வரிசையை விட்டாள்.

விக்டர் லால்குடிக்கு மாற்றலாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாத்ருபூதம் அசந்தாரா? மருந்து ஜன்னலில் நர்ஸ் டோரதியம்மா இருக்கிறாரா என்று விசாரித்து, எக்ஸ்ரே அறையை எட்டிப் பார்த்து, மாடியேறி, இறங்கி, எதிரே வந்த வெள்ளைக் கோட்டுக்கெல்லாம் வணக்கம் வைத்து, அதில் ஒருவர் கேன்டீன்காரர் என்று தெரிந்த பிறகும் அவரிடம் குசலம் விசாரித்து முடிப்பதற்குள் மணி பதினொன்றரை. பூரணியின் மூச்சு அமிர்தத்தின் கழுத்தில் அனலாக அடித்தது.

“ஐயா, சீட்டு ஜன்னலைச் சாத்தறாங்க.”

“பதறாதே. சூப்பரின்டெண்டே நமக்கு...”

அமிர்தம் ஓடினாள். பாதி சாத்திய ஜன்னலுக்குள் கையை விட்டாள்.

“கதவு நம்பர்?” என்றார் உள்ளே இருந்த குமாஸ்தா.

“கதவே இல்லீங்க. சாக்குதான் தொங்குது.”

“விலாசம் இல்லாம எழுத முடியாதும்மா.”

“அப்ப கையை எடுக்க மாட்டேங்க.”

குமாஸ்தா கையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். ‘வாய்க்கால் கரை’ என்று எழுதிச் சீட்டைக் கொடுத்தார். டாக்டர் டைபாய்டு என்று சொல்லி அப்போதே படுக்கையில் சேர்த்தார். பதினான்காம் நாள் பூரணி நடந்தே வீடு வந்தாள்.

மாத்ருபூதமா? அன்று மாலையே டீக்கடையில், “ஒரு வார்த்தைதான் சொன்னேன், உடனே பெட் போட்டுட்டாங்க” என்றார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய மூன்று குடும்பங்கள் அவர் கண்ணில் படாமல் சந்து வழியாகப் போயின.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்று கேட்டதும், ‘என்ன செய்யுது?’ என்றா கேட்டீர்கள், ‘எந்த ஆஸ்பத்திரி? அங்கே நமக்கு ஆள் உண்டு’ என்றா?