டைனோசருக்கு உதடு வரைந்தவர்

மனிதர்களில் பழையகதையார் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் எதைச் சொன்னாலும் "அதெல்லாம் பழைய கதைங்க" என்று ஆரம்பிப்பாரே, அவரேதான். முந்தின நாள் எதையோ படித்திருப்பார். விடிந்ததும், அதைப் படிக்காத பாவத்துக்கு ஊரே அவரிடம் பதில் சொல்லியாக வேண்டும்.

நம்முடையவர் டைனோசர் பிரிவு. சிறுவயதுப் படப்புத்தகத்தில், வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு, தொந்தியோடு சேற்றில் நிமிர்ந்து நிற்கிற பெரும்பல்லியைப் பார்த்து வளர்ந்தவர்தான். அந்தப் படம் தப்பு என்று தெரிந்த நாளிலிருந்து மனிதருக்கு நிம்மதி போயிற்று. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் போயிற்று. பிறந்தநாள் கேக்கின் மேல் டைனோசர் நின்றால், மெழுகுவர்த்தி அணைவதற்குள் அதன் வாலைக் குறை சொல்லிவிடுவார்.

கேக்கை வெட்டினால் தொல்லை தீர்ந்தது. சுவரை என்ன செய்வது?

அவருடைய தங்கை பல் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு, குழந்தைகளுக்கென்றே சொந்தமாக ஒரு கிளினிக் போட்டாள். இது ஓடாவிட்டால் ஆஸ்பத்திரியின் பழைய மேலதிகாரி முன்னால் மறுபடி கைகட்டி நிற்க வேண்டும். பிள்ளைகளின் பயம் தெளியட்டும் என்று, நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் வாய்நிறையப் பல்லோடு சிரிக்கிற டைனோசர் ஒன்றை வரைய வைத்தாள். பெயின்டர் வரைந்து முடிக்கிற நேரத்தில் அண்ணன் பார்க்க வந்தார்.

"வால் தரையில கிடக்குதே! அதெல்லாம் பழைய கதைப்பா. தூக்கு, தூக்கு."

வால் எழுந்தது, வால் எழுந்ததும் நிமிர்ந்த முதுகு கிடையாகச் சாய்ந்தது, பிடரியில் இறகு முளைத்தது, எலும்பு தெரிய ஒட்டிப்போனதாக வரைவதும் பழைய கதையாகி, உடம்பு சதை போட்டது. பெயின்டர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இது டைனோசரா, கோழியா?"

"கோழிக்குச் சொந்தக்காரன்தான்ப்பா. அப்புறம், அந்தப் பல்லு... அதுக்கு உதடு இருந்திருக்கும்னு இப்ப சொல்றாங்க. வாயை மூடினா பல்லே தெரியாது. மூடிடு."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணா, இது பல் கிளினிக்!"

"அதுக்காகப் பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லணுமா?"

இப்படிக் கேட்கிறவரிடம் யார் வாய் கொடுப்பது? மூடியாயிற்று.

திறப்பு நாளன்று முதலில் வந்தது, சொத்தைப் பல்லோடு ஒரு சிறுமி. நாற்காலியில் சாய்ந்தாள், சுவரைப் பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆ காட்டு கண்ணு."

"அவ்ளோ பெரிசு, அதுவே பயந்து வாயை மூடிக்கிட்டு நிக்குது. நான் மாட்டேன்!"

வெளியே காத்திருந்த பிள்ளைகளுக்கு இது கேட்டுவிட்டது. அன்று தங்கை ஒரு பல்லைக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் போன பிறகு அழுதாள். அண்ணனுக்கும் மனசு கேட்கவில்லை, பாவம்; நல்ல மனிதர்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அழாதே. வாய் திறந்திருந்தா பல்லு தெரியலாம், தப்பில்ல. நாளைக்கே திறந்துடுவோம்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அவ்ளோ வெள்ளையா இருந்திருக்காது..."

தங்கை கண்ணைத் துடைத்தாள். அண்ணனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பெயின்டர் விட்டுப்போன தூரிகையை எடுத்து, தன் கையாலேயே அந்த வாயைக் காதுவரை பிளந்து, பால் வெள்ளையில் பல் பல்லாக வரைந்து தள்ளினாள். மறுநாள் அந்தச் சிறுமி வாயைத் திறந்தாள்.

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். "உதடு விஷயத்தில் இன்னும் ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எழுதினவருக்கு இதுகூடத் தெரியாதா?" என்று நடுவில் உங்களுக்கு நாக்கு துறுதுறுத்ததா? துறுதுறுத்திருந்தால் ஒரு வேண்டுகோள்: உங்கள் தங்கை ஏதாவது தொழில் தொடங்கினால், வாழ்த்தைப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.