ஹெல்மெட் போட்ட ஹோம்வொர்க்

பிள்ளை தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு ஹோம்வொர்க் செய்யச் சொன்ன ஒரே தகப்பன் உலகத்திலேயே எங்கள் கருங்கல் ஊர் சேஃப்டிதான். வேறு எவனாவது இருந்தால் அழைத்து வாருங்கள், நான் பத்திரிகைக்கு எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் பாஸ்போர்ட்டோடு சரி. வளைகுடா நாட்டுக் கட்டுமான வேலைகளில் சேஃப்டி ஆபீசராக இருந்ததால் ஊருக்கும் அவர் சேஃப்டிதான். லீவில் வந்தாலும் உத்தியோகத்தைக் கழற்றி வைக்கத் தெரியாது. மீன் வாங்கப் போனாலும் அந்த ஆரஞ்சு நிற மேல்சட்டை மேலில் கிடக்கும். கல்யாண வீட்டில், தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓடுவது என்று பார்த்த பிறகே இலையில் கை வைப்பார். ஒருமுறை பாயசம் விளம்ப வந்தவரை மறித்து, "கையில கிளவுஸ் எங்க மக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு எங்கள் வரிசைக்குப் பாயசமே வரவில்லை.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். போன வருஷம் அவர் அவசரமாக லீவு போட்டு ஓடி வந்ததற்குக் காரணம் மகள் அபிஷா. மூன்றாம் வகுப்பு. காலையில் யூனிபார்ம் போட்டதும் அவளுக்கு வயிறு வலிக்கும். பள்ளி வேன் அவளை விட்டுவிட்டுத் தெருமுனையைத் தாண்டியதும் வலி நின்றுவிடும். டாக்டர் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள், சர்ச்சில் ஜெபம் செய்தார்கள். அம்மா ஷீலா கெஞ்சிப் பார்த்தாள், அடித்துப் பார்த்தாள், கடைசியில் அவளும் சேர்ந்து அழுதாள். பிள்ளை மெலிந்துகொண்டே போனது.

"லீவு முடியதுக்குள்ள காரணத்தக் கண்டுபிடிச்சிருவேன் அண்ணே. எத்தன ஆக்சிடெண்டுக்குக் கண்டுபிடிச்சவன் நான்" என்றார் என்னிடம்.

மறுநாள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமாக நாடா கட்டினார். டிவி பிளக்கைப் பிடுங்கி ஒரு டப்பாவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். ஷீலாவின் சீரியல் நேரம் அது.

"சீரியல் பாக்கதுல என்ன ஆபத்து இருக்கு?" என்றாள் அவள்.

"வேல நடக்குத எடத்துல சத்தம் கூடாது, கேட்டியா. நீயும் ஹெல்மெட்டப் போட்டுட்டு உள்ள வா."

அந்த வாரம் மாடிக்கு வந்த மீன்குழம்பில் உப்பே இல்லை.

மாலை ஆறு மணிக்கு மீட்டிங். வீட்டில் எல்லாரும் ஹெல்மெட்டோடு நிற்க வேண்டும். எட்டிப் பார்த்த குற்றத்துக்கு நானும். எனக்கு ஆரஞ்சு மேல்சட்டை ஒன்றையும் நீட்டினார். செத்தாலும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதலில் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு, "இன்னைக்கு என்ன வேல? அதுல என்ன ஆபத்து?" என்று கேட்பார்.

"ஏழாம் வாய்ப்பாடு. இடையில தூக்கம் வரும்" என்பாள் அபிஷா.

தூக்கம் வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். தூங்கி வழிகிற ஆளைக் கட்டடச் சாரத்தில் ஏற்றுவது பெரிய குற்றமாம். வயிறு வலிக்காத ஒரு நாளில் பாதிக் கணக்கோடு பள்ளிக்குப் போனவளைப் பற்றி டீச்சர் கேட்டபோது, "ஆளு டயர்டா இருந்து மிஸ். நாந்தான் வேலைய நிறுத்துனேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

மீட்டிங்கின் கடைசிப் பகுதிக்கு நியர் மிஸ் என்று பெயர். அதாவது, விபத்து நடக்கப் பார்த்து மயிரிழையில் தப்பிய சங்கதி. அவருடைய சைட்டில் அதை யார் வந்து சொன்னாலும் ஏசக்கூடாது, கை தட்டி ஜூஸ் கொடுக்க வேண்டும். "ஏசினா அடுத்த தடவ ஒருத்தனும் சொல்ல மாட்டான். சொல்லாத எடத்துலதான் ஆளு விழுவான்" என்பார். வீட்டிலும் அதே சட்டம். பால் பொங்கப் பார்த்ததைச் சொல்லி ஷீலா ஜூஸ் குடித்தாள். நான் மாடிப்படியில் வழுக்கப் பார்த்ததைச் சொன்னேன். ஜூஸ் நன்றாக இருந்ததால் மறுநாளும் வழுக்கினேன்.

அபிஷா எறும்பு, பூனை என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஹெல்மெட்டோடு தலையைக் குனிந்துகொண்டு, "இன்னைக்கு மிஸ் என்னை வாசிக்கச் சொல்லப் பாத்தாவ. வயிறு வலிக்கின்னு சொல்லித் தப்பிச்சேன்" என்றாள்.

ஷீலா ஏச வாயைத் திறந்தாள். சேஃப்டி விசிலை ஊதிவிட்டார். பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் மதில் ஏறின. பிறகு அவர் கை தட்டினார், நாங்களும் தட்டினோம். ஜூஸ் குடித்து முடித்த பிறகுதான் மீதிக் கதை வந்தது. முன்பு ஒரு நாள் எழுந்து நின்று வாசிக்கும்போது தடுமாறியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது.

"இதுக்கா மக்கா இத்தன நாளும்..." என்று ஷீலா பிள்ளையைக் கட்டிக்கொண்டாள்.

சேஃப்டி பாடப்புத்தகத்தை எடுத்தார். "உயரத்துக்குப் பயந்த ஆள முதல்ல ஒரு படிதான் ஏத்தணும். ஏணிய நான் பிடிச்சுக்கிடுவேன். முதல்ல நான் வாசிக்கேன், எல்லாரும் நல்லா சிரிங்க."

அவர் படித்ததெல்லாம் திருவனந்தபுரத்தில், மலையாளத்தில். தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தபோது நாங்கள் வேண்டுமென்றே சிரிக்கத் தேவையிருக்கவில்லை. அதிகம் சிரித்தது அபிஷாதான். சிரித்து ஓய்ந்து, "அப்பிடி இல்லப்பா" என்று அந்த வரியை அவளே வாசித்தாள்.

அதன்பிறகு தினம் ஒரு வரி. பூனைக்கு ஒரு நாள், மாடிப்படியில் உட்கார்ந்து எனக்கு ஒரு நாள். வயிற்றுவலி ஒரேயடியாக ஓடிவிடவில்லை, மெல்ல மெல்லக் குறைந்தது. லீவு முடிகிற வாரத்தில் வகுப்பில் எழுந்து வாசித்தாள். அன்றும் சிலர் சிரித்தார்களாம். "எங்க அப்பா வாசிக்கதக் கேட்டா இவங்க என்ன செய்வாங்க?" என்று வந்து சொன்னாள்.

அவர் கிளம்பும்போது அபிஷா ஹெல்மெட்டோடு வந்து வாசலில் மறித்தாள்.

"அப்பா, மீட்டிங். நியர் மிஸ் உண்டா?"

பெட்டியைக் கீழே வைத்தார். "உண்டு. இப்ப அழப் பாத்தேன். தப்பிச்சேன்."

கை தட்டினோம். ஜூஸைக் குடித்தார். தன் மேல்சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

இப்போதும் ஆறு மணிக்கு மீட்டிங் உண்டு. போனில் அவர் முகம் வருகிற வரைக்கும் நான்தான் ஆபீசர். செத்தாலும் போட மாட்டேன் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். முடிந்த பிறகும் அதைக் கழற்ற மனம் வருவதில்லை. நேற்று மீன் வாங்கப் போனதும் அதோடுதான்.