டாக்டர் கீரியும் எழுதிக்கொடுத்த முள்ளம்பன்றியும்

ஒரு காட்டில், மருத்துவக் கல்லூரிக்கு நேர் எதிரில், ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி ஜெராக்ஸ் கடை நடத்திவந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். கல்லூரி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, எனக்கு வம்பு வேண்டாம்.

ஜெராக்ஸ் என்பது போர்டில் இருந்த பெயர். உள்ளே நடந்தது வேறு தொழில். ரெக்கார்டு நோட்டு, அசைன்மென்ட், ஆய்வேடு, எது கேட்டாலும் எழுதிக்கொடுக்கும். கூலி, நோட்டுக்கு ஒரு கூடைக் கிழங்கு. பேனாவுக்குச் செலவே இல்லை. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினால் முடிந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் காட்டிலேயே மருத்துவம் தெரிந்த ஒரே பிராணி ஊசிமுத்துதான். ஆனால் கல்லூரியில் அதற்கு சீட்டு கொடுக்கவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்காருபவரைக் குத்தும் என்று காரணம் எழுதி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

வைரக்கண்ணு என்ற கீரி முதலாம் ஆண்டிலேயே கடைக்கு வந்துவிட்டது.

“அண்ணே, எங்க வம்சத்துல பாம்போட சண்டை போட்டவங்க உண்டு. பாம்புக்கடிக்கு வைத்தியம் பார்த்தவங்க இல்ல. என்னைய டாக்டராக்கணும்னு அப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு.”

“நீயா படிச்சா என்ன தம்பி?”

“எனக்கு எங்கண்ணே நேரம்?”

பாவம், நேரம் இல்லைதான். செல்போனில் வீடியோ பார்ப்பதற்கே அதற்குப் பகல் போதவில்லை.

அதே வாரம் பவளம் என்ற நல்லபாம்பும் வந்தது. அதன் புற்றிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பிள்ளை. படிக்க ஆசைதான். ஆனால் பாடம் கேட்கத் தலையைத் தூக்கினால் போதும், வாத்தியார் உட்பட வகுப்பே எழுந்து ஓடிவிடும். மூன்று வருடத்தில் அது முழுதாகக் கேட்ட பாடம் ஒன்றுகூட இல்லை. வேறு வழி தெரியாமல் ஊசிமுத்துவிடம் நோட்டைக் கொடுத்தது.

கடைசி ஆண்டு வாய்மொழித் தேர்வு வந்தது. தேர்வாளர் ஒரு கருங்குரங்கு. வைரக்கண்ணுவின் ரெக்கார்டில் முதல் பத்துப் பக்கத்தைப் புரட்டியது, கொட்டாவி விட்டது, “கையெழுத்து முத்து முத்தா இருக்குப்பா” என்று தங்கப் பதக்கத்துக்குச் சிபாரிசு எழுதியது. அடுத்து பவளம். அதே முத்து முத்தான எழுத்து. கருங்குரங்கு மூன்று வருடத்தில் முதல் முறையாக நிமிர்ந்து மாணவியைப் பார்த்தது.

“இது நீ எழுதினதாம்மா?”

“ஆமா சார்.”

“எந்தக் கையால?”

பவளம் தன் உடம்பை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டது. அன்று மாலையே கல்லூரியைவிட்டு நீக்கிவிட்டார்கள்.

அது நேரே கடைக்கு வந்தது. “எனக்குக் கை கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?”

“தெரியும் தங்கச்சி. சேர்க்கும்போதே அவங்களுக்கும்தான் தெரியும். இத்தனை நாள் கேட்காதவங்க இப்ப கேட்பாங்கன்னு நான் கண்டேனா?”

“எங்கம்மா புத்து வாசல்ல கோலம் போட்டு வச்சுட்டு உக்காந்திருக்கு. நான் எந்த மூஞ்சியோட போவேன்?”

ஊசிமுத்து, “அடுத்த வருஷம் டைப் அடிச்சுத் தர்றேன், கவலைப்படாத” என்றது. ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது உத்தமம். முள் இல்லாத இடம் மூக்கு ஒன்றுதான். பவளம் அங்கே ஒரே போடாகப் போட்டது.

“மூணு வருஷத்துல நானே சொந்தமா செஞ்சது இது ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே போனது.

ஊசிமுத்து தள்ளாடித் தள்ளாடி எதிரே கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடியது. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் அணில் உட்கார்ந்திருந்தது.

“பாம்பு கடிச்சிருச்சும்மா!”

“வரிசையில வாங்க. அடையாள அட்டை ஜெராக்ஸ் ரெண்டு காப்பி வேணும்.”

“ஜெராக்ஸ் கடைக்காரனே நான்தான்மா.”

“அப்ப உங்களுக்கு ஈஸிதானே? போய் எடுத்துட்டு வாங்க.”

ஊசிமுத்து திரும்பிப் போய், பூட்டிய கடையைத் திறந்து, இரண்டு காப்பி எடுத்து, மறுபடி வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் மூக்கு பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. உள்ளே டாக்டர் வைரக்கண்ணு. பட்டம் வாங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

“அண்ணே, நீங்களா! கவலையே படாதீங்க. நம்ம ரெக்கார்டு நோட்டு இருக்கு. பாம்புக்கடி எந்தப் பக்கம்ணே?”

“நூத்தி இருபது. வேணாம் தம்பி, அந்தப் பக்கத்தைத் திறக்காத!”

அந்தப் பக்கம் எழுதிய நாளில் ஊசிமுத்துவுக்குப் பதினெட்டு நோட்டு பாக்கி. பசி வேறு. பத்தாம் பக்கத்துக்கு மேல் யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் வாயில் வந்ததை எழுதிப் பக்கத்தை நிரப்பியிருந்தது.

வைரக்கண்ணு சத்தமாகப் படித்தது. “‘சின்ன வெங்காயம் இருபது. பொன்னிறமாக வதக்கவும். நறுக்கிய கருணைக்கிழங்கைச் சேர்க்கவும்.’ சிஸ்டர், அடுப்பைப் பத்த வைங்க!”

“தம்பி, அது காரக்குழம்புடா! உன் பின்னால பெட்டியில விஷமுறிவு மருந்து இருக்கு. அதை எடுத்து ஊசி போடு.”

“ஊசி போடுற பிராக்டிகலுக்கு எனக்குப் பதிலா எங்க சித்தப்பா பையன்தான்ணே போனான். அதோட இது தங்கப் பதக்கம் வாங்கின நோட்டு. இதைப் போய்த் தப்புங்கறீங்களே.”

“அதை எழுதினவனே நான்தானேடா!”

வெளியே வரிசையில் நின்ற நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். வைரக்கண்ணுவின் முகம் மாறியது. கதவைச் சாத்திவிட்டு நர்ஸிடம் சொன்னது: “விஷம் தலைக்கேறிடுச்சு, என்னென்னவோ உளர்றாரு. முதல்ல வாயைக் கட்டுங்க. அப்புறமா குழம்பை மூக்குல பத்துப் போடலாம்.”

குழம்பு நன்றாகவே வந்திருந்தது, வாசனை வார்டு முழுக்க அடித்தது. காட்டில் மருத்துவம் தெரிந்த ஒரே பிராணி, மருந்துப் பெட்டியைப் பார்த்தபடியே பத்து நிமிடத்தில் செத்துப்போனது.

இறப்புச் சான்றிதழில் காரணத்தை டாக்டர் தன் கைப்பட எழுத வேண்டும் என்று அணில் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டியது. வைரக்கண்ணு அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. ஜன்னல் வழியே எதிர்க்கடையைப் பார்த்தது. கடை பூட்டியிருந்தது. எழுதிக்கொடுக்க ஆள் கிடைக்காததால் அந்தப் படிவம் இன்றுவரை நிரப்பப்படவில்லை. ஆகவே அரசாங்கக் கணக்கில் ஊசிமுத்து நலமாக இருக்கிறது. டாக்டர் வைரக்கண்ணுவின் கையால் இதுவரை ஒரு நோயாளிகூட இறந்ததில்லை.

நீதி: காசுக்குப் பிறர் பாடத்தை எழுதிக்கொடுப்பவர்களே, தாராளமாக எழுதிக்கொடுங்கள். உங்களுக்கு வரப்போகும் வியாதி எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அதை மட்டும் ஒழுங்காக எழுதுங்கள்.