ரப்பர் வரைந்த என் வலது கை

ஓசூரில் என்னை எதிர்த்துப் பேசி உருப்பட்டவன் ஒருவன்கூடக் கிடையாது. ரப்பரும் உருப்படவில்லை, ஆனால் எதிர்த்துப் பேசுவதை நிறுத்தவும் இல்லை.

ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தைத் தூக்கிப் போட்டவன் நான். இன்று மூன்று ஷெட்டில் தகடு வெட்டும் என் பவர் பிரஸ்கள் ஓடுகின்றன. கடைசி ஷெட்டுக்குப் பின்னால், என் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில்தான் ரப்பர் படம் வரைந்துகொண்டிருந்தான். வரைந்ததைவிட அழித்ததுதான் அதிகம் என்று என் ஆட்கள் வைத்த பெயர் அது. ஆயுத பூஜைக்குப் புது ஆபீஸ் திறக்கிறேன், வாசலிலேயே ஆளுயரத்துக்கு என் படம் வேண்டும் என்றேன். போட்டோ கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றான். நேரில் வந்து உட்கார வேண்டுமாம்.

கோட்டு மாட்டி, சென்ட் அடித்துக்கொண்டு போனேன். பிரஷ்ஷைத் தூக்கினான். என்னைப் பார்த்தான். பிரஷ்ஷைக் கீழே வைத்தான். டீ குடித்தான். மறுபடியும் பார்த்தான்.

“யோவ், இன்னாய்யா பண்ற?”

“வேல செய்யறேண்ணா.”

“இது வேலயா? இந்நேரம் என் பிரஸ்ல ஒரு பெட்டி வாஷர் உழுந்திருக்கும்!”

“வாஷருக்கு மூஞ்சி கெடையாதுண்ணா. ஸ்வல்ப சும்மா இருங்க.”

என்னை, என் கொட்டகையில், கொஞ்சம் சும்மா இருக்கச் சொன்னான்! மறுநாள் போனால் படத்தில் மூக்கைக் காணோம்.

“நேத்து போட்ட மூக்கு எங்கய்யா?”

“அது உங்க மூக்கு இல்லண்ணா. நீங்க நெனச்சுக்கிட்டிருக்கற மூக்கு.”

மூக்கைக்கூட மன்னித்தேன். கையில்தான் சண்டை முற்றியது. என் வலது கை ஆள்காட்டி விரல் பாதிதான். நான் சொந்தமாக வாங்கிய முதல் பிரஸ் மீதியை எடுத்துக்கொண்டது. எனக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி அதிகாரிகள் முன்னால் அந்தக் கையை நான் வெளியே எடுத்ததே இல்லை. பாதி ஆயுள் அது பேன்ட் பாக்கெட்டிலேயே கிடந்தது. படத்திலாவது முழுசாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். தப்பா?

“முழு வெரலா போடு.”

“இல்லாத வெரல எதப் பாத்துப் போடறது?”

“எடது கையப் பாத்துப் போடு. ரெண்டும் ஒரே கம்பெனி சரக்குதான்!”

முடியாது என்றான். பெயிண்ட் டப்பாக்களை எட்டி உதைத்தேன். கொட்டகையைக் காலி பண்ணு என்றேன். கடைசியில் முனகிக்கொண்டே முழு விரலை வரைந்தான். என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஆயுத பூஜையன்று பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் தயார். முன்வரிசையில் கம்பெனி அதிகாரிகள். படத்தை மூடியிருந்த துணியை நானே இடது கையால் இழுத்தேன்.

பாதி விரல்! அதுவும் நெஞ்சுக்கு நேரே, ஊரையே பார்த்துக்கொண்டு. அத்தனை பேர் கண்ணும் படத்திலிருந்து என் பாக்கெட்டுக்கு வந்தது.

“டேய்! எங்கடா வெரலு?”

“அழிச்சிட்டேண்ணா. அத வரஞ்சதும் படத்துல உங்க கண்ணு திருட்டு முழி முழிச்சிது. வெரல எடுத்தேன், கண்ணு சரியாயிடுச்சி.”

அடிக்கக் கையை ஓங்கினேன். எந்தக் கை என்று ஓங்கிய பிறகுதான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த நேரம் மெஷின் மெஷினாகச் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு வந்த பிரஸ் ஆப்பரேட்டர் மாதம்மா, தட்டோடு நேராகப் படத்திடம் போனாள். அந்தப் பாதி விரலுக்கு ஒரு பொட்டு வைத்தாள்.

“இன்னா மாதம்மா இது?” என்று பல்லைக் கடித்தேன்.

“நம்ம கம்பெனில மொதமொத ஓடுன மெஷினு இதுதான மொதலாளி? இத உட்டுட்டு மத்ததுக்கு வெச்சா எப்புடி?”

ஷெட்டே கை தட்டியது. காயாத பெயிண்டில் குங்குமம் அப்பிக்கொண்டது. ரப்பர் அதை மட்டும் அழிக்கவில்லை. பெயிண்ட் துணியால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் நீலமாக நின்றான்.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. சொன்ன வேலையைச் செய்யாதவனை நான் ஒரு ஷிப்டுகூட வைத்திருக்க மாட்டேன். அவனும் பிரஸ் சத்தத்தில் கோடு ஆடுகிறது என்று என்மேலேயே பழி போட்டுவிட்டு ஜவளகிரிக்குக் குடி போய்விட்டான். விடுவேனா? ஞாயிற்றுக்கிழமைதோறும் காரை எடுத்துக்கொண்டு போய்த் திட்டிவிட்டு வருகிறேன். போன வாரம் ஆள் இல்லை. பூட்டியிருந்த கதவைக் கொஞ்ச நேரம் திட்டிப் பார்த்தேன், ருசிக்கவில்லை.