சிவப்பு வட்டம் இல்லாத படம்

இனி இந்த வீட்டில் எதுவும் தொலையாது என்று தீர்மானித்தேன். டிக்கோயாவில் கணினி பாடம் நடத்துகிற வாத்தியார், வீட்டில் ஒரு ஓட்டைப் போனை நம்பி வாழ்வதா?

காரணம் இருந்தது. என் மனைவி ஷிராணியின் அக்கா டோரீன் போன வருஷம் இறந்துபோனார். அவர் கடைசியாக அனுப்பிய குரல் செய்திகள் ஷிராணியின் போனில் மட்டும்தான் இருந்தன. அந்தப் போன் ஒரு நாளைக்கு நாலு முறை செத்துப் பிழைக்கும்.

பழைய கணினியைத் தூசி தட்டி வீட்டு சேர்வர் ஆக்கினேன். இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டிலும் டோரீனின் குரல். கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி. கலண்டர் தாளின் பின்பக்கம் பெட்டி பெட்டியாகப் படம் போட்டு, அம்புக்குறி இழுத்து, மூலையில் கையெழுத்தும் வைத்துச் சுவரில் ஒட்டினேன்.

"எது ஒண்ணு போனா எல்லாமே போயிருமோ, அதுக்குச் சிவப்பு வட்டம் போடணும். என் படத்துல வட்டமே இல்ல, பாத்தியா?"

"ரெண்டு டிஸ்க்கும் படத்துல எட்ட எட்ட இருக்கு. வீட்டுல ஒரே அலமாரியிலதானங்க இருக்கு?"

"அது வசதிக்கு."

"மேல தகரம் ஒழுகுமே."

"நீ சமையலப் பாரு. போன்ல இருக்கிறத நான் அழிச்சிர்றேன். சும்மா எடத்த அடைக்குது."

"ரெண்டு நாள் பொறுங்க."

பொறுத்தேன். மூன்றாம் நாள் அழித்தேன்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. எங்கள் பக்கம் பிடித்தால் லேசில் விடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அலமாரியைத் திறந்தால், இரண்டு டிஸ்க்கும் தண்ணீரில் ஒற்றுமையாகக் கிடந்தன. ஹட்டனில் ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார். செத்தவரை நான் இன்னொரு முறை சாகடித்துவிட்டேன். ஷிராணியிடம் மூச்சு விடவில்லை.

"வருஷப் பூசையன்னைக்கு அக்கா குரல எல்லாருக்கும் போட்டுக் காட்டணுங்க," என்றாள் ஷிராணி.

"சேர்வர்ல பராமரிப்பு வேல நடக்குது."

"பாவம். அதுவரைக்கும் அந்தக் கூரையப் பாத்துருங்க."

மூன்று வருஷமாகத் தட்டிக்கழித்த கூரை. ஏறினேன். மறுநாள் கோழிக்கூடு. அதற்கு மறுநாள் கக்கூஸ் கதவு. குற்றமுள்ள நெஞ்சு அல்லவா, எதற்கும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பூசை முடிந்து சொந்தபந்தம் வீட்டில் கூடியது. உண்மையைச் சொல்லிவிட எழுந்தேன். அதற்குள் ஒரு குரல் கேட்டது.

"ஷிராணி, சாப்பிட்டியாடி?"

டோரீன். பூண்டுலோயாவிலிருந்து வந்திருந்த சித்தி மகள் ஜெனிதாவின் போனிலிருந்து. ஷிராணி அழுதாள். நானும் அழுதேன்.

"எப்புடி?" என்றேன், எல்லோரும் போன பிறகு.

"சின்ன வயசுல தேயிலைத் தோட்டத்து லய வீட்டுல இருந்தப்ப, மழைக்காலம் வந்தா, மண் சரியும்னு பயந்து பொறப்புச் சேர்டிபிகேட்டெல்லாம் ஒரு பையில போட்டு வேற தோட்டத்துச் சொந்தக்காரங்ககிட்ட குடுத்து வைப்போம். நீங்க படம் ஒட்டுன அன்னைக்கே அக்கா குரல பூண்டுலோயாவுக்கு அனுப்பிட்டேன்."

"டிஸ்க் நனைஞ்சது தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். கூரை வேல பாக்கி இருந்துச்சே."

சுவரிலிருந்த படத்தைக் கிழிக்கப் போனேன். அதில் புதிதாக ஒரு சிவப்பு வட்டம் இருந்தது, என் கையெழுத்தைச் சுற்றி.