முந்நூறு எழுத்தில் ஒரு காதுகுத்து

என் மனைவி வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் வாசலிலேயே என் செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் செய்வது சரிதான்.

மகளின் காதுகுத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, புதிதாக ஒரு குறும்பதிவுத் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். பெயரைக் கொடுத்தால் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். எழுதிப் பொத்தானை அமுக்கினால் முடிந்தது. முதல் பதிவே காதுகுத்து அழைப்புதான் என்று முடிவெடுத்தேன். அச்சடித்த பத்திரிகையெல்லாம் பழைய ஆட்களுக்கு என்று மனைவி செல்வியிடம் பீற்றிக்கொண்டேன்.

கட்டத்தில் முந்நூறு எழுத்துதான் கொள்ளும். (கொம்புக்கும் புள்ளிக்கும்கூடத் தனிக் கணக்கு!) எங்கள் பக்கத்துப் பத்திரிகை என்றாலே பெயர்ப் பட்டியல்தானே? பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள் என்று எழுதி முடிப்பதற்குள் கட்டம் சிவந்துவிட்டது. மண்டபத்தையும் நேரத்தையும் வெட்ட முடியாது. கடைசி வரியில் இருந்தது, 'தாய்மாமன் முத்துப்பாண்டி'. செல்வியின் அண்ணன், நம் வீட்டு ஆள், அவருக்குத் தெரியாதா என்று அந்த வரியை வெட்டினேன். சிவப்பு மறைந்தது. பெருமை தாங்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பகிர்ந்தேன். (யார் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்த வேண்டுமோ, அவர் பெயரையே எடுத்திருக்கிறேன்.)

ஐந்தே நிமிடத்தில் செல்வி வந்து நின்றாள். "என்னங்க, எங்கண்ணன் பேரு எங்க?"

"எடம் பத்தல செல்வி."

"ஒங்க பங்காளிக அம்புட்டுப் பேருக்கும் எடம் இருந்துச்சுல்ல?"

பதிவை அழிக்கப் போய், அவசரத்தில் பக்கத்துப் பொத்தானை அமுக்கிவிட்டேன். பதிவு என் பக்கத்தின் உச்சியில் ஏறி நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. ஒருவழியாக அழித்தபோது, குழுவில் யாரோ பிடித்துவைத்த அதன் படம் அவனியாபுரத்தில் மச்சானின் லேத் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் போனையே எடுக்கவில்லை. நேரில் போனால் மெஷினை ஓடவிட்டு, நான் பேசுவது காதில் விழாததுபோல நின்றார்.

காதுகுத்தன்று, வண்டியூர் மண்டபம். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. மணி பத்தாகியும் மச்சானைக் காணவில்லை. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் மடி இல்லன்னா காதுகுத்தே வேணாம்" என்றாள் செல்வி. அவள் கண் நிறைந்திருந்தது. இடம் போதவில்லை என்று அவளுடைய பிறந்த வீட்டையே வெட்டிவிட்டேனோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

பத்தேகாலுக்கு வாசலில் மேளச் சத்தம். சீர்த்தட்டுகளோடு வந்த மச்சான், பாய்க்குப் பக்கத்தில் வந்தும் உட்காரவில்லை.

"மாப்ள, போன எடுங்க. அந்தக் கட்டத்துல எம்பேரப் போடுங்க."

போட்டேன்.

"இன்னும் எடம் இருக்கா?"

"இருக்கு மச்சான்."

"அப்ப இன்னொருக்காப் போடுங்க."

கட்டம் நிறையும்வரை முத்துப்பாண்டி, முத்துப்பாண்டி என்று அடித்துக்கொண்டே இருந்தேன். மண்டபமே என்னைச் சுற்றி நின்றது. ஆசாரி கடிகாரத்தைப் பார்த்துக் கனைத்தார். நான் பொத்தானை அமுக்கிய பிறகுதான் மச்சான் உட்கார்ந்து, "வாத்தா தங்கம்" என்று பிள்ளையை மடியில் வாங்கினார். நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஊசி இறங்கியது. மகளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

போன மாதம் மச்சான் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். நான்கு பக்கத்துக்கு அச்சடித்த பத்திரிகை. பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் வரை எல்லார் பெயரும் இருந்தது. என் பெயரை மட்டும் காணோம். செல்விதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தின் அடியில் விரல் வைத்துக் காட்டினாள்: 'மற்றும் ஒருவர்.'